எனக்குக் கேட்கவில்லை

ஜனவரி 2

நூல் கடைக்காரர் கொடுத்த டைரி. ஒவ்வொரு பக்கத்திலும் மேலே ராகுகாலம், எமகண்டம், கீழே கடை விளம்பரம். நடுவில் மிஞ்சிய இடம் எனக்கு. தினமும் ஓடியதை இதில் எழுதப் போகிறேன் என்று வீட்டில் அறிவித்தாயிற்று. இவர் சிரித்தார். சிரிக்கட்டும்.

இன்று புதுக்குளத்து ரோட்டில் கோயில் திருப்பம் வரை போய் வந்தேன். தனியாக. காதில் எதுவும் மாட்டாமல். கழுத்தில் போடுகிற இயர்போன் ரிப்பேர்.

அவ்வளவுதான். இட்லிக்கு ஊறப்போட வேண்டும்.

ஜனவரி 3

தனியாக, காதில் ஒன்றும் இல்லாமல் ஓடுவது இவ்வளவு கொடுமை என்று யாராவது முன்னாலேயே சொல்லியிருக்கலாம். என் மூச்சு எனக்கே கேட்கிறது. சளி பிடித்த எருமை மாதிரி ஒரு சத்தம். வலது முட்டி ஒவ்வொரு அடிக்கும் 'டக்' என்கிறது. இத்தனை நாளாகவும் சொல்லிக்கொண்டுதான் இருந்திருக்கும், நான்தான் காது கொடுக்கவில்லை. ஷூவுக்குள் ஒரு பொடிக்கல், அதற்கும் ஒரு சத்தம். திருப்பம் வருவதற்கு முன்பே நின்றுவிட்டேன்.

பாட்டோ கதையோ ஓடிக்கொண்டிருந்தால் கால் தன் போக்கில் போகும், நாம் வேறெங்கோ இருக்கலாம். இப்போது நான் போகிற இடத்துக்கெல்லாம் நானும் கூடவே வருகிறேன். எரிச்சலாக இருக்கிறது.

ஜனவரி 4

சௌந்தரம் அக்காவை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டார்கள். தொடை எலும்பில் கம்பி வைத்திருக்கிறது. சாத்துக்குடி வாங்கிக்கொண்டு போய்ப் பார்த்தேன்.

ஹாஸ்டலில் இருக்கும் என் மகள் என்றைக்காவது இதைப் படித்தால் தலையும் வாலும் புரிய வேண்டும். அதனால் எழுதிவிடுகிறேன்.

எங்கள் பேட்டையில் விடியற்காலையில் ஓடும் பெண்கள் சிலர் இருக்கிறோம். வாட்ஸ்அப்பில் பேர், 'அஞ்சு மணிக் கூட்டம்'. ஆரம்பித்து வைத்தவர் சௌந்தரம் அக்கா. இளவயதிலிருந்து தறிக் குடோனில் வேலை பார்த்தவர். அந்தச் சத்தத்தில் ஒரு காது முழுசாகப் போய்விட்டது, இன்னொன்று பாதி. பின்னால் வண்டி வந்தால் அவருக்குத் தெரியாது. ஆனால் முன்னால் ஓடாமல் அவரால் இருக்கவும் முடியாது. அதனால் ஒரு சட்டம் போட்டார். எல்லோரும் ஒருவர் பின் ஒருவராக ஓட வேண்டும். கடைசியில் வருகிறவள் வண்டி வெளிச்சத்தைப் பார்த்ததும் "வண்டி!" என்று கத்த வேண்டும். அவளுக்கு முன்னால் இருப்பவள் அதை வாங்கி அடுத்தவளுக்குக் கத்த வேண்டும். அப்படியே கைமாறிக் கைமாறி அக்காவுக்குப் போய்ச் சேரும். அக்கா ஓரம் கட்டுவார். யாரும் காதில் எதையும் மாட்டக்கூடாது. அதுவும் சட்டம்.

அக்காவுக்கு நேர் பின்னால் ஓடுகிற இடம் எனக்கு. பனியன் கம்பெனியில் செக்கிங் சூப்பர்வைசர் நான். மெஷின் இரைச்சலைத் தாண்டி அடுத்த ஹாலுக்குக் கேட்கிற தொண்டை. "கோகிலவாணின்னு உனக்கு எவன் பேரு வெச்சான்? நீ சங்கு" என்பார் அக்கா.

டிசம்பர் கடைசி வாரத்தில் பனி கொட்டிய ஒரு நாள். மற்றவர்கள் வரவில்லை. முன்னால் அக்கா, நடுவில் நான், கடைசியில் பிரபாவதி. பிரபா புதுசு. கல்யாணம் ஆகி எங்கள் பக்கத்துத் தெருவுக்கு வந்த பெண், பேசினால் பக்கத்தில் இருப்பவருக்கே கேட்காத மாதிரி இருக்கும். ஒற்றை லைட்டோடு ஒரு துணி டெம்போ வந்தது. என்னைத் தாண்டியது. அக்கா குழிக்கு ஒதுங்கி ரோட்டுப் பக்கம் கால் வைத்தார். இடித்துவிட்டது.

கூட்டம் கூடியதும் எல்லோரும் பிரபாவைத்தான் கேட்டார்கள்.

"ஏம்மா, சத்தம் குடுத்தியா இல்லியா?"

"குடுத்தனுங்க. ரெண்டு வாட்டி குடுத்தனுங்க."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"எனக்குக் கேக்கல" என்றேன்.

இதில் பொய் எதுவும் இல்லை. எனக்குக் கேட்கவில்லை.

ஜனவரி 6

கம்பெனியில் சண்டை. எங்கள் வேலை என்னவென்றால், தைத்து வருகிற பனியனை விளக்கு வெளிச்சத்தில் விரித்துப் பார்த்து, ஓட்டையோ தையல் விட்டதோ இருந்தால் அந்த இடத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். ஒரு பெண் அக்குள் பக்கம் விரல் நுழைகிற ஓட்டையைப் பார்க்காமல் தள்ளிவிட்டிருந்தாள்.

"கண்ண எங்க வெச்சுட்டு இருந்த? நீ பாத்து அனுப்பறேன்னுதான அடுத்த ஆளு நம்பி மடிக்கறா?" என்று கத்திக்கொண்டே வந்தேன். பாதியில் என்ன சொல்வது என்று மறந்துவிட்டது. அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டு மீதிக்காகக் காத்திருந்தாள். "போ, போய் டீ குடி" என்றேன். செக்ஷனே என்னை ஒரு மாதிரி பார்த்தது.

ஓடினேன். சத்தமெல்லாம் அப்படியேதான் இருக்கிறது.

ஜனவரி 8

காய்கறிக் கடையில் பிரபா. என்னைப் பார்த்ததும் வெண்டைக்காயை அப்படியே போட்டுவிட்டு ஒதுங்கி நின்றாள், என்னவோ என் காலை மிதித்துவிட்டவள் மாதிரி. நானே போய்ப் பேசினேன்.

"ஓடறதில்லையா அம்மிணி?"

"அத்தை வேண்டான்னுட்டாங்க்கா. ஒரு வார்த்தை சத்தமாச் சொல்லத் துப்பில்லாம ஒரு உசுருக்கு ஒல வெக்கப் பாத்தியே, இன்னம் எதுக்கு வாசப்படி தாண்டறேன்னு கேக்கறாங்க. கூட்டத்துலயும் யாரும் கூப்படறதில்லீங்க."

"விடு. கொஞ்ச நாள்ல சரியாப் போயிரும்."

"அந்த ஒரு மணி நேரந்தானுங்க்கா எனக்குன்னு இருந்துச்சு." கத்திரிக்காயின் காம்பைக் கிள்ளிக்கொண்டே நின்றாள். பிறகு ஒன்று சொன்னாள். "அக்கா, நான் நெசமாலுமே கத்துனனான்னு எனக்கே இப்ப டவுட்டா இருக்குங்க்கா. உங்களுக்கே கேக்கலீன்னா நான் மனசுக்குள்ளதான் கத்திருப்பேன் போல."

கொத்தமல்லி வாங்க மறந்து வந்துவிட்டேன்.

ஜனவரி 9

ஓடினேன். நாய் துரத்தியது. நன்றாகத் துரத்தட்டும்.

ஜனவரி 11

ஞாயிற்றுக்கிழமை. இவர் சாம்பார் வைக்கிறேன் பேர்வழி என்று அடுப்படிக்குள் புகுந்து துவரம்பருப்பு டப்பாவைத் திறந்தார். பிறகு இயர்போனைக் கையில் தூக்கிக்கொண்டு வந்தார். கழுத்துப் பட்டையில் பருப்பு ஒட்டிக்கொண்டிருந்தது.

"ஏம் புள்ள, இது எதுக்குப் பருப்புக்குள்ள கெடக்குது?"

"ரிப்பேருன்னு சொன்னனல்லோ."

அவர் பட்டனை அழுத்திக் காதில் வைத்தார். "நல்லாத்தான இருக்குது?" என்றார். அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். இருபது வருஷம் கூடக் குடித்தனம் பண்ணுகிற மனுஷன், என் முகத்தைப் பார்த்தாலே உப்புக் குறைச்சலா கூடவா என்று சொல்லிவிடுவார். இன்றைக்கு மட்டும் பேசாமல் போய்ப் பருப்பைக் கழுவினார்.

ஜனவரி 12

சரி. யார் படிக்கப் போகிறார்கள்.

அன்றைக்கு இயர்போன் என் காதில்தான் இருந்தது. பனிக்குக் கட்டிய ஸ்கார்ஃபுக்குள்ளே. அன்றைக்கு மட்டுமில்லை, கார்த்திகை மாதம் குளிர் ஆரம்பித்ததிலிருந்தே அப்படித்தான். மாட்டிக்கொண்டு ஓடியும் வண்டி வந்தால் எப்படியோ எனக்குத் தெரிந்துவிடும். ஒரு காதில் மட்டும் மாட்டிச் சத்தத்தைக் குறைத்து வைத்திருப்பேன். அன்றைக்கு இரண்டிலும் மாட்டிச் சத்தத்தை முழுசாக வைத்திருந்தேன். தொடர்கதை ஒன்று. எஸ்டேட் முதலாளியைக் கொன்றது யார் என்று சொல்லப் போகிற நேரம். டெம்போ என் தோளை உரசிப் போன காற்றில்தான் நிமிர்ந்து பார்த்தேன். வாயைத் திறப்பதற்குள் முடிந்துவிட்டது.

அக்காவைத் தூக்க ஓடுவதற்கு முன்னால் நான் செய்த முதல் காரியம் ஸ்கார்ஃபுக்குள் கைவிட்டு அதை உருவி இடுப்பில் செருகியது. அக்கா ரோட்டில் கிடக்கிறார், நான் இதைச் செய்தேன். கை தானாகச் செய்தது என்று எழுதலாம் என்று பார்த்தேன். கை தானாகவெல்லாம் செய்யாது.

முதலாளியைக் கொன்றது யார் என்று இன்னும் எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் மாட்டேன்.

ஜனவரி 15

பொங்கல். கம்பெனிக்கு லீவு. அக்கா வீட்டுக்குக் கரும்பும் பொங்கலும் கொண்டுபோனேன். கட்டிலில் சாய்ந்திருந்தார். ஓடி ஓடி இறுகிய கெண்டைக்கால் அதற்குள் துணி மாதிரி தொங்கிப்போயிருக்கிறது.

சொந்தக்காரர்கள் நிறைய வந்திருந்தார்கள். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு எல்லோருக்கும் காட்டினார். "இவ இல்லீன்னா நான் அங்கயே போயிருப்பேன். டெம்போக்காரன் சட்டையப் புடிச்சு, அந்த டெம்போவுலயே என்னைத் தூக்கிப் போட்டு ஆஸ்பத்திரிக்கு ஓட்டுடான்னு அவனையே ஓட்ட வெச்சவ இவ. கூடப் பொறந்தவகூட இப்பிடிச் செய்ய மாட்டா."

எல்லோரும் என்னை மெச்சினார்கள். யாரோ ஒருவர் எனக்கு இன்னொரு கரண்டி பொங்கல் வைத்தார். நான் தின்றேன். தின்றேன் என்பதுதான் அசிங்கம்.

"அந்தப் புள்ள பிரபா..." என்று ஆரம்பித்தேன்.

"அவ மேல எனக்குக் கோவமில்ல. சின்னப் புள்ள. ஆனா இனி கூட்டத்துல வேண்டாங் கோகிலா. அந்த இடத்துல நம்பிக்கையான ஆளு வேணும்."

ஜனவரி 17

இன்று குளத்தைச் சுற்றிக்கொண்டு ஓடினேன். இதுவரை ஓடாத தூரம். கால் பெருவிரல் நகம் கறுத்துவிட்டது. முட்டி வலித்தபோது நிற்கவில்லை. இன்னும் வலி, இன்னும் வலி என்று சொல்லிக்கொண்டே ஓடினேன். மூச்சுச் சத்தத்தை வேண்டுமென்றே கேட்டேன். முதலில் இருந்த அருவருப்பு இப்போது இல்லை. அது பாட்டுக்கு இரைகிறது, நான் பாட்டுக்குக் கேட்கிறேன். வீடு வந்தபோது மனசு லேசாக இருந்தது. பாதிக் கடனை அடைத்துவிட்ட மாதிரி.

இவர் வெந்நீர் வைத்துக் கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தார். நகத்தைப் பார்த்தார்.

"நீ காலு ஒடிய ஓடுனா சௌந்தரக்கா எந்திரிச்சு நடந்துருவாங்களா?"

"நான் என்னமோ ஒடம்புக்கு ஓடறேன். உங்களுக்கென்ன?"

"சரி" என்று எழுந்து போய்விட்டார்.

கோபம் கோபமாக வந்தது. அவர் மேல் இல்லை. லேசாக இருந்ததே, அதன் மேல். யாரும் இல்லாத ரோட்டில் நகம் கறுக்க ஓடுவது எனக்குச் சுலபம். நகம் கறுத்தால் பிரபாவுக்கு என்ன வந்தது? அவள் வீட்டுக்குள் உட்கார்ந்து தான் கத்தினோமா இல்லையா என்று யோசித்துக்கொண்டிருக்கிறாள்.

ஜனவரி 18

ஓடவில்லை. துணி துவைத்தேன். துவைக்க வேண்டாததையும் துவைத்தேன்.

ஜனவரி 20

இன்று பிரபாவின் தெரு வழியாகப் போனேன். வேண்டுமென்று போகவில்லை, குறுக்கு வழி அதுதான் என்று எழுத வந்தேன். வேண்டுமென்றுதான் போனேன்.

தெரு முனையில் திரும்பியபோதே கேட்டது. "வண்டி!"

சட்டென்று ஓரம் கட்டிவிட்டேன். திரும்பிப் பார்த்தால் ஒரு சைக்கிள்கூட இல்லை. மறுபடியும் "வண்டி!". சத்தம் மேலேயிருந்து வந்தது. தெருவின் அந்தக் கோடியில், மொட்டைமாடியில், துணிக்கொடிக்கு நடுவில் பிரபா நின்றுகொண்டிருந்தாள். வாயைச் சுற்றிக் கையைக் குவித்து, வானத்தைப் பார்த்து, "வண்டி! வண்டி!" என்று கத்திக்கொண்டிருந்தாள். கீழே வாசலில் இருந்து அவள் மாமியார், "பைத்தியம் கீது புடிச்சிருச்சா உனக்கு? எறங்கி வா!" என்று சத்தம் போட்டார்.

மெல்லிசான குரல்தான். ஆனால் ஊசி மாதிரி நேராக வருகிறது. அத்தனை தூரத்தில், மூச்சிரைப்பு, முட்டி, குக்கர் விசில், பால்காரர் மணி, எல்லாவற்றுக்கும் நடுவில் எனக்குக் கேட்டது. காதில் ஒன்றும் இல்லாத யாருக்கும் கேட்கும்.

அவள் என்னைப் பார்க்கவில்லை. நான் வந்த வழியே திரும்பிவிட்டேன்.

ஜனவரி 21

தெருக் கோடி வரைக்கும் கேட்டது.

ஜனவரி 22

காலையில் ஓடவில்லை. நடந்து பிரபா வீட்டுக்குப் போனேன். மாமியார் வாசல் தெளித்துக்கொண்டிருந்தார். "வாங்கம்மிணி, இந்நேரத்துக்கு?" என்றார். பிரபாவைக் கூப்பிடச் சொன்னேன். கையில் தோசைக் கரண்டியோடு வந்தாள். உட்காரச் சொன்னார்கள். உட்கார்ந்தால் காபி வரும், காபி வந்தால் குடிப்பேன், குடித்துவிட்டு வந்துவிடுவேன். என்னை எனக்குத் தெரியும். நின்றுகொண்டே சொன்னேன்.

"அன்னிக்கு இவ கத்துனா. எனக்குக் கேக்காததுக்குக் காரணம் இவ இல்லீங்க. நான் ஸ்கார்ஃபுக்குள்ள இயர்போன் மாட்டிட்டு இருந்தேன்."

மாமியார் வாளியைக் கீழே வைத்தார். பிரபா என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் கேட்பாள் என்று நான் நினைத்து வைத்திருந்தது எதையும் கேட்கவில்லை.

"அப்ப நான் கத்துனனுங்களா?"

"கத்துன சாமி."

"ரெண்டு வாட்டியுமா?"

"எனக்குக் கேக்கலடி. ஆனா கத்திருப்ப. முந்தாநேத்து நீ மாடியில கத்தினது எனக்குத் தெரு முக்குல கேட்டுச்சு."

அவள் அப்படியே படியில் உட்கார்ந்து அழுதாள். எனக்காக அழவில்லை, என் மேல் கோபப்பட்டும் அழவில்லை. தொலைந்துபோன பொருள் கிடைத்தவள் மாதிரி அழுதாள். நான் பக்கத்தில் போகப் பார்த்தேன். கரண்டியால் தடுத்துவிட்டாள்.

"இத இத்தன நாளா எங்கம்மிணி வெச்சிருந்தீங்க?" என்றார் மாமியார்.

பருப்பு டப்பாவில் என்று வாய் வரைக்கும் வந்தது. "தப்புத்தானுங்க" என்றேன்.

"தப்பா? இந்தப் புள்ளைய நான் என்னென்ன பேசிப்போட்டேன் தெரியுமா? அதையெல்லாம் ஆரு அள்ளறது?"

உள்ளே தோசை கருகும் வாசனை வந்தது. யாரும் போய் எடுக்கவில்லை.

ஜனவரி 23

சௌந்தரம் அக்கா வீடு. மகன், மருமகள், அடுத்த வீட்டு அம்மா எல்லோரும் இருந்தார்கள். நான் கட்டிலின் தலைமாட்டில் குனிந்து, அவருடைய நல்ல காதுக்குப் பக்கத்தில், தணிவாகச் சொன்னேன்.

"என்ன?"

மறுபடியும் சொன்னேன்.

"என்னடி மொணமொணங்கற? சத்தமாச் சொல்லு. உனக்கென்ன தொண்டை கட்டிக்கிச்சா?"

நிமிர்ந்தேன். மருமகள் டி.வி. சத்தத்தைக் குறைத்தாள். வேறு வழியில்லை. செக்கிங் ஹாலில் கத்துகிற குரலில் கத்தினேன்.

"அக்கா! அன்னிக்கு நான் காதுல இயர்போன் மாட்டிருந்தேன்! பிரபா கத்துனா! எனக்குக் கேக்கல! நான் உங்களுக்குச் சொல்லல! எம் மேலதான் தப்பு!"

எதிர்வீட்டில் கதவு திறக்கிற சத்தம் கேட்டது. தெருவில் போன யாரோ நின்றார்கள். அந்தப் பனியில் இந்தக் குரலில் ஒரே ஒரு வார்த்தை கத்தியிருந்தால் போதும். நான் அதை நினைத்தேன். அக்காவும் அதையேதான் நினைத்தார் என்று அவர் முகத்தில் தெரிந்தது.

வெகு நேரம் தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன கேட்டுட்டு இருந்த?"

"கதைங்க்கா."

"கதை" என்றார். பிறகு, "பொங்கலன்னிக்கு உன்ற கையப் புடிச்சனே, அப்பவாச்சும் சொல்லிருக்கலாமல்லோ?"

"சொல்லிருக்கோணுங்க்கா."

"போ கோகிலா. இப்பப் போயிரு."

வந்துவிட்டேன். வாசலில் செருப்பைத் தேடும்போது உள்ளே அக்கா மருமகளிடம், "அந்தப் பிரபா நம்பரைப் போடு" என்றது கேட்டது.

ஜனவரி 24

அஞ்சு மணிக் கூட்டத்திலிருந்து என்னை நீக்கிவிட்டார்கள். நீக்கியது அக்காவின் நம்பர்.

இவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "தெரியும்" என்றார். "தெரிஞ்சா கேக்கறதுக்கென்ன?" என்று சண்டை பிடித்தேன். "நான் கேட்டுச் சொன்னா அது நீ சொன்ன மாதிரி ஆகாதல்லோ" என்றார். இரண்டு பேரும் சாப்பிட்டோம்.

ஜனவரி 28

ஓடினேன். மனசு லேசாக இல்லை. மூச்சு, முட்டி, நாய், மில் சங்கு. எல்லாம் கேட்கிறது. இருக்கட்டும்.

பிப்ரவரி 1

விடிவதற்கு முன் கேட்டைத் தட்டும் சத்தம். பிரபா. ஷூ போட்டுத் தயாராக நின்றாள்.

"வாங்க்கா. தனியா ஓட அத்தை விட மாட்டாங்க. கூட்டத்துல மறுபடி சேத்துக்கிட்டாங்க, ஆனா இன்னிக்கு எல்லாரும் கல்யாணத்துக்குப் போய்ட்டாங்க. உங்களத்தான் கூட்டிட்டுப் போறன்னு சொல்லித்தான் வந்தேன்."

"அம்மிணி..."

"நான் இன்னம் உங்க மேல கோவமாத்தானுங்க்கா இருக்கறேன். நெம்பக் கோவம். அதுக்கு ஓடாம இருக்க முடியுங்களா?"

இவள் இத்தனை சத்தமாகப் பேசி நான் கேட்டதே இல்லை. ஷூவை மாட்டிக்கொண்டு, பனிக்கு ஸ்கார்ஃபைக் கட்டிக்கொண்டு வெளியே வந்தேன். தெருவிளக்குக்குக் கீழே என்னை நிறுத்தினாள்.

"ஸ்கார்ஃபைக் கழட்டுங்க."

கழற்றினேன். முதலில் ஒரு பக்கம், பிறகு மறு பக்கம், முடியை ஒதுக்கிப் பார்த்தாள். என் செக்ஷனில் பனியனைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பது போலவே பார்த்தாள். நான் அசையாமல் நின்றேன். வெட்கமாக இருந்தது. நிற்கத்தான் வேண்டும்.

"சரி. முன்னால போங்க" என்றாள்.

அக்கா ஓடுகிற இடத்தில் ஓட எனக்குக் கால் வரவில்லை. அந்த இடத்தை விட்டு, ஓர் ஆள் தூரம் பின்தள்ளி, எனக்கு முன்னால் யாரோ ஓடுகிற மாதிரியே ஓடினேன். பிரபா பின்னால். அவள் காலடி கேட்டது, என் முட்டி கேட்டது. டெம்போ இடித்த இடத்தைத் தாண்டினோம்.

கோயில் திருப்பத்தில், "வண்டி!" என்றாள்.

கேட்டது. ஓரம் கட்டினேன். முன்னால் வெறும் ரோடுதான், பனிதான். இருந்தாலும் மூச்சை இழுத்துப் பிடித்து, என் தொண்டை எவ்வளவு தாங்குமோ அவ்வளவு சத்தமாக முன்பக்கம் பார்த்து "வண்டி!" என்று கத்தினேன்.

ஒரு பால் வண்டி மெதுவாக எங்களைத் தாண்டிப் போயிற்று.